சம்மர் ரயர்

கேஃபர்டாலில் ரயர் மாற்றும் கராஜ்.
எண் முப்பத்தியேழு, நான்.
ஈஸ்டர் முடிந்தால் மன்ஹைம் முழுக்க
இங்கேதான் வரிசையில் நிற்கும்.
கோப்பி மெஷினில் பால் முடிந்துவிட்டது.
சுவரில் கிறீஸ் படிந்த றேடியோ:
வானிலை, நெடுஞ்சாலை ஆறில் நெரிசல், பிறகு
சொல்லாமல் கொள்ளாமல்
ஓர் ஆர்கன், இரண்டு தட்டு டிரம்,
இப்போதுதான் மூக்கைச் சிந்திவிட்டு வந்தவன் போல
அந்தக் குரல்.

கையிலிருந்த காகிதக் கோப்பையில்
ஆவி பிடித்த துணி மணக்கிறது.

தொண்ணூற்றிரண்டு. ஆறு கிழமைப் பள்ளி விடுமுறை.
அம்மா ஹோட்டலில் கட்டில் விரிக்கப் போய்விடுவா.
எங்களைப் பார்க்க ஆளில்லை என்று
அப்பா தன்னோடு கூட்டிப்போவார்,
அமெரிக்க முகாமின் உடுப்புகள் வரும் லோன்றிக்கு.
பின்வாசலில் கவிழ்த்த இரண்டு சோப்புப் பெட்டி.
ஒன்று எனக்கு, ஒன்று வாகீசனுக்கு.
உள்ளே நாற்பது பாகை, வெளியே முப்பத்தைந்து.
அதனால் வெளியே குளிருது என்போம்.

சிப்பாய்களின் காற்சட்டைப் பைக்குள் கிடப்பதை
நூர்தென் அக்கா எங்களுக்குத் தருவா:
தீக்குச்சி, பல்லுக்குத்தி, மெல்லிய பத்துச் சதம்.
தெருமுனைச் சூயிங்கம் பெட்டி
அந்தக் காசை விழுங்கும், யோசிக்கும்,
கீழே துப்பும்.
துப்பியதை எடுத்து மறுபடி போடுவான் தம்பி.
ஒரு கோடை முழுக்கப் போட்டான்.

முகாமின் றேடியோ வேலி தாண்டி வரும்,
அதனிடம் விசா கேட்பாரில்லை.
நாளுக்கு ஒருதரமாவது இந்தப் பாட்டு.
அப்போது எங்களுக்கு ஜெர்மன் பாதி, தமிழ் பாதி,
இங்கிலீஷ் துப்புரவாய் இல்லை.
ஆனாலும் விளங்கியது.
அந்த மனுசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாடினான்:
ஏலாது, ஏலாது, ஏலாது.

“அவருக்கு என்னடா ஏலாது?”
“அயர்ன் பண்ண ஏலாது.”
விழுந்து விழுந்து சிரிப்போம்.
அப்பா திரும்பிப் பார்க்கமாட்டார். ஆனால்
பெடலை மிதிக்காத மற்றக் கால்
நிலத்தில் தட்டும்,
தாளத்துக்கு ஒரு தட்டுப் பிந்தி.
எப்போதும் பிந்தித்தான்.

இன்று எனக்கு இங்கிலீஷ் தெரியும்.
சம்பளமே அதில்தான் வருகிறது.
ஸ்டே லேற்றர், என்கிறான்.
சுணங்கிப் போ.
இன்னும் கொஞ்சம் இருந்திட்டுப் போ.
இவ்வளவு காலமும் அவன்
வாசலில் நின்ற யாரையோ கெஞ்சியிருக்கிறான்.
நாங்கள் அயர்ன் பெட்டி என்று நினைத்திருக்கிறோம்.

நாலு வருசத்துக்கு முன் ஒரு பெப்ரவரி,
மெஷினை நிற்பாட்டலாம் என்ற தாளில்
கையெழுத்து வைத்தவள் நான்.
வாகீசன் சுவரைப் பார்த்தபடி
“ஏலாதக்கா” என்றான்.
அதுதான் அவன் கடைசியாக என்னோடு கதைத்தது.
டொக்டரின் பேனை மூடி
இன்னும் என் குளிர்கோட்டுப் பையில் கிடக்கிறது,
திருப்பிக் கொடுக்க மறந்து.

போனை றேடியோவுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.
நாற்பது விநாடி.
நடுவில் யாரோ நட்டுக் கழற்றும் இரைச்சல்.
அப்படியே அனுப்பினேன், ஒரு எழுத்தும் எழுதாமல்.
பாட்டு முடிந்து சோபா விளம்பரம் வந்தது.

“முப்பத்தியேழு!”
பெடியன் கைதுடைத்தபடி கேட்கிறான்:
குளிர்கால ரயரை இங்கேயே வைத்திருக்கவா,
கொண்டுபோகிறீர்களா?

போன் அதிர்ந்தது. மூன்று விநாடிக் குரற்பதிவு.
காதோடு வைத்தேன்.
குரல் இல்லை அதில்.
மேசையோ, ஸ்டியரிங்கோ, எதிலோ
விரல் தட்டுகிறது, 

பிந்தி.

“பொறு தம்பி” என்றேன் அந்தப் பெடியனுக்கு,
தமிழில்.